தண்ணீர் ஓடிய திசை

அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்பைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் நாற்றங்காலிலிருந்துதான் தொடங்குவேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவன்னா ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் அகஸ்டா. அங்கே டென்னிஸ் ரெட்மண்ட் என்பவர் அவுரித் தோட்டம் வைத்திருந்தார். 1854-ல் தோட்டத்து நடுவில் கனத்த காங்கிரீட் சுவர்களோடு, சுற்றிலும் தாழ்வாரம் விட்டு ஒரு வீடு கட்டினார். ஜார்ஜியாவில் அடிமை முறை சட்டமாக இருந்த காலம் அது. 1857-ல் அந்த 365 ஏக்கரும் பெல்ஜியத்திலிருந்து வந்து குடியேறிய பெர்க்மன்ஸ் குடும்பத்தின் கைக்கு மாறியது. தகப்பனாரும் மகன் ப்ராஸ்பரும் சேர்ந்து அங்கே நடத்திய 'ஃப்ரூட்லண்ட்' நாற்றுப்பண்ணைதான் அமெரிக்கத் தென்மாநிலங்களின் தோட்டங்களுக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது.

நான் நீலகிரியில் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் பக்கம் கோல்ஃப் ஆடுகிறவர்களைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, மட்டையைக் கையில் பிடித்ததில்லை. ப்ராஸ்பர் பெர்க்மன்ஸின் பெயர் எனக்குப் பழமரங்கள் வழியாகத்தான் அறிமுகம். அமெரிக்கப் பழவியல் சங்கத்துக்குப் பத்தாண்டு தலைவராக இருந்தவர். ஜார்ஜியாவில் பீச் பழச் சாகுபடி ஒரு தொழிலாக வளர்ந்ததில் பெரும்பங்கு அவருக்கு உண்டு. நம் மலையில் காட்டுப்பூவரசு சிவக்கச் சிவக்கப் பூக்குமே, அதே இனத்தைச் சேர்ந்த அசேலியாவை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த பண்ணைகளில் முதன்மையானது ஃப்ரூட்லண்ட். கமேலியாவும் அப்படித்தான். கிளப்புக்குள் நுழைகிற பாதையில் இருபுறமும் 61 மேக்னோலியா மரங்கள் கைகோத்து நிற்கின்றன. பெர்க்மன்ஸ் குடும்பம் அந்த நிலத்துக்கு வந்த காலத்தில் விதை போட்டு எழுப்பிய மரங்கள் அவை. ப்ராஸ்பர் 1910-ல் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பண்ணை மூடப்பட்டது. நடுவில் ஒருவர் அங்கே பெரிய ஓட்டல் கட்டப் பார்த்தார். 1926-ல் மயாமியைத் தாக்கிய புயல் அவருடைய முதலீட்டை அடித்துக்கொண்டு போனது. நிலம் சும்மா கிடந்தது.

1930-ல் பாபி ஜோன்ஸ் என்ற இளைஞர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த நான்கு பெரிய கோல்ஃப் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றார். ஜார்ஜியாக்காரர், படிப்பில் வக்கீல். காசுக்கு ஆடாதவர். நான்கையும் வென்ற கையோடு 28 வயதில் போட்டி ஆட்டத்தை விட்டார். போகிற இடமெல்லாம் கூட்டம் மொய்த்ததால், நண்பர்களோடு நிம்மதியாக ஆட ஓரிடம் வேண்டும் என்று நினைத்தார். நியூயார்க்கில் பங்கு வணிகம் செய்துகொண்டிருந்த கிளிஃபோர்ட் ராபர்ட்ஸ் பண ஏற்பாட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பழைய நாற்றுப்பண்ணையை 70,000 டாலருக்கு வாங்கினார்கள். மைதானத்தை வடிவமைக்க அலிஸ்டர் மெக்கென்ஸியை அழைத்தார்கள். டாக்டருக்குப் படித்து, போயர் போரில் பணிபுரிந்து, பிறகு கோல்ஃப் மைதானம் அமைப்பதே வாழ்க்கை என்று ஆன ஆங்கிலேயர் அவர். மண்ணை அதிகம் புரட்டாமல், இருக்கிற மேடு பள்ளத்தையே ஆட்டத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

காலம்தான் சரியில்லை. பெருமந்தத்தின் மிக மோசமான ஆண்டுகள். 1,800 உறுப்பினர்களைச் சேர்ப்பது என்று திட்டமிட்டார்கள். 1934 ஏப்ரலில் 76 பேர்தான் இருந்தார்கள். இரண்டாவது மைதானம், டென்னிஸ் களங்கள் என்று போட்ட திட்டமெல்லாம் காகிதத்தோடு நின்றது. ரெட்மண்டின் பழைய வீட்டை இடித்துப் புதிய கிளப் கட்டிடம் எழுப்பவும் எண்ணினார்கள், பணமில்லாததால் அந்த வீடு பிழைத்தது. இன்று உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கிற வெள்ளைக் கட்டிடம் அதுதான். மெக்கென்ஸிக்குப் பேசிய கூலி முழுசாகக் கிடைக்கவில்லை. 1934 ஜனவரியில் அவர் கலிஃபோர்னியாவில் இறந்தார். அவர் வடிவமைத்த மைதானத்தில் முதல் போட்டி அதே ஆண்டு மார்ச்சில்தான் நடந்தது. மாஸ்டர்ஸ் என்று இன்று அறியப்படும் போட்டி அது. புல் முளைத்து முழுதாக விரிந்த தன் மைதானத்தை அவர் பார்க்கவே இல்லை. செடி நட்டுவிட்டு மாற்றலாகிப் போனவர்களுக்கு அந்த வலி கொஞ்சம் தெரியும்.

கோல்ஃபில் பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அது விழ வேண்டிய குழி வரைக்குமான பகுதி முழுவதையும் குழி என்றே சொல்வார்கள். அந்தக் குழிகளுக்குப் பெயர் வைக்கும்போது பெர்க்மன்ஸ் குடும்பத்து வாரிசைக் கூப்பிட்டு, ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் எந்தச் செடி வைப்பது என்று கேட்டுச் செய்தார்கள். அதனால் பதினெட்டுக் குழிகளுக்கும் தாவரப் பெயர்கள். பத்தாவது கமேலியா, பதின்மூன்றாவது அசேலியா, பதினேழாவது நந்தினா. நாற்றுப்பண்ணைக்கு இதைவிட நல்ல மரியாதை கிடையாது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப்போரில் மூன்று ஆண்டுகள் போட்டி நடக்கவில்லை. மைதானத்தில் மாடு விட்டார்கள், வான்கோழி வளர்த்தார்கள். மாடுகள் அசேலியாவையும் இளமரங்களின் பட்டையையும் தின்று தீர்த்தன. போர் முடிகிற சமயத்தில் பக்கத்திலிருந்த ராணுவ முகாமின் ஜெர்மானியப் போர்க்கைதிகளைக் கொண்டுவந்து மைதானத்தைச் சீர்படுத்தினார்கள்.

இனி நான் சொல்ல வந்த ஆட்களுக்கு வருகிறேன். அதற்கு முன் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். மாஸ்டர்ஸ் போன்ற போட்டியில் பந்தை மிகக் குறைந்த முறை அடித்து முடிப்பவர் வெல்வார். அதில் தூர அடிப்பது பாதி வேலை. மீதி, குழியைச் சுற்றி ஒட்ட மழித்த புல்தரையில் நடப்பது. அதைக் கிரீன் என்பார்கள். அங்கே பந்தை மெதுவாக உருட்டிக் குழியில் விழவைக்க வேண்டும். தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பந்து வளையும். அகஸ்டாவின் கிரீன்கள் சமையலறை கிரானைட் மேடைபோல வழவழப்பானவை, அதோடு சாய்வு கண்ணுக்குப் பொய் சொல்லும். இடப்பக்கம் சரிகிறது என்று நினைத்து உருட்டினால் பந்து வலப்பக்கம் போகும். பதினைந்து அடி தூரத்தில் இருந்த பந்து, தட்டிய பிறகு முப்பது அடி தள்ளிப் போய் நிற்பதும் உண்டு. எனவே தரையைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மட்டைகள் இருக்கிற பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கிறவரின் உண்மையான வேலை அந்தப் படிப்புதான்.

அகஸ்டாவில் அந்த வேலையைச் செய்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பின மக்கள். ஊரின் சேண்ட் ஹில்ஸ் பகுதியிலிருந்து நடந்து வருவார்கள். மாஸ்டர்ஸ் போட்டியில் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரராக இருந்தாலும் சொந்தமாக ஆள் கொண்டுவரக் கூடாது, கிளப் தருகிற ஆளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது 1982 வரைக்கும் விதி. வெள்ளை முழுநீள அங்கி, பச்சைத் தொப்பி. இன்றும் அதே சீருடை. நடப்பு வெற்றியாளரின் பையைச் சுமப்பவருக்கு முதல் எண்.

அவர்களில் மூத்தவர் வில்லி ஸ்டோக்ஸ். எல்லாரும் 'பாப்பி' என்றே கூப்பிட்டார்கள். 1920-ல் பிறந்தவர். கிளப் வருவதற்கு முன்பே அவருடைய குடும்பம் அந்த நிலத்தில் வாழ்ந்தது. மைதானம் உருவானபோது பன்னிரண்டு வயதுப் பையன். வேலையாட்களுக்குக் குடிதண்ணீர் சுமந்து கொடுத்தான். மரம் வெட்டி, மண் போட்டு, கிரீன்களுக்கு உருவம் கொடுத்ததெல்லாம் அவன் கண்முன் நடந்தது. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்தான். எல்லாத் தண்ணீரும் கடைசியில் நிலத்தின் தாழ்வான மூலைக்கு, பன்னிரண்டாவது குழிக்கு முன்னால் ஓடுகிற ரேஸ் க்ரீக் ஓடைப் பக்கம்தான் போனது. பந்தும் அந்தப் பக்கமே இழுபடும் என்று அவனுக்குப் புரிந்தது. கண்ணுக்குச் சாய்வு எப்படித் தெரிந்தாலும், ஓடை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

நிலத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் நின்று நின்று யோசித்திருக்கிறேன். சரிவு அறிய நாங்கள் கருவி வைத்துப் பார்ப்போம், மட்டம் பிடிப்போம், வரைபடம் போடுவோம். ஆனால் ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்த ஆளுக்குத் தெரிகிற அளவு வரைபடத்தில் தெரியாது. குன்னூர்ப் பக்கம் வயதான தோட்டத் தொழிலாளிகள் சொல்லிக் கேட்டு வடிகால் வெட்டிய அனுபவம் எனக்கு உண்டு. ஸ்டோக்ஸிடம் இருந்தது அந்த வகை அறிவு. அவர் பை சுமந்து 1938-ல் ஹென்றி பிகார்ட் மாஸ்டர்ஸ் வென்றார். 1948-ல் கிளாட் ஹார்மன். 1951-லும் 1953-லும் பென் ஹோகன். 1956-ல் ஜாக் பர்க். ஆக, நான்கு ஆட்டக்காரர்கள், ஐந்து வெற்றிகள், ஒரே தோள். கூடவே, அடுத்து வந்த பையன்களுக்குத் தரையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

பன்னிரண்டாவது குழிக்குப் போக ரேஸ் க்ரீக்கின் மேல் ஒரு கல் பாலம் இருக்கிறது. அதற்கு ஹோகன் பாலம் என்று பெயர். 1953-ல் நான்கு சுற்றில் 274 அடிகளில் முடித்து அவர் படைத்த சாதனையைப் பாராட்டி 1958-ல் வைத்த பெயர் அது. அந்த 274 அடிகளுக்கும் பக்கத்தில் நின்றவர் ஸ்டோக்ஸ். அந்த ஓடையைச் சிறுவயதிலிருந்து அறிந்தவரும் அவர்தான். ஹோகன் மிகப்பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் அந்தப் பாலத்தில் இரண்டு பெயர்கள் இருப்பதுதான் முறை.

நேத்தனியல் ஏவரி என்றொருவர். 'அயர்ன் மேன்' என்பது பட்டப்பெயர். அர்னால்டு பாமரின் நான்கு மாஸ்டர்ஸ் வெற்றிகளிலும் பை சுமந்தவர். வில்லி பீட்டர்சன், ஜாக் நிக்லஸின் முதல் ஐந்து வெற்றிகளில் கூட நடந்தவர். 1958 முதல் 1966 வரையிலான ஒன்பது போட்டிகளில் ஏழு இந்த இருவருடைய தோள்களில் வந்தவை. பாமரையும் நிக்லஸையும் கோடீஸ்வரர்களாகவும் உலகப் பிரமுகர்களாகவும் ஆக்கிய ஆண்டுகள் அவை. ஏவரி 1980களில் இறந்தபோது அவருடைய கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட வைக்கவில்லை. 2017-ல்தான் கல் வைத்தார்கள்.

கார்ல் ஜாக்சனுடைய கதை கொஞ்சம் வெளிச்சம் பெற்றது. 1961-ல், பதினான்கு வயதில், முதல் மாஸ்டர்ஸில் பை சுமந்தார். வீட்டு வறுமையால் பள்ளியை விட்டு வந்த பையன். 1976-லிருந்து பென் கிரென்ஷா என்ற டெக்சாஸ் ஆட்டக்காரரோடு சேர்ந்தார். 1984-ல் கிரென்ஷா வென்றார். 1995-ல் போட்டி தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கிரென்ஷாவுக்குச் சிறுவயதிலிருந்து ஆட்டம் சொல்லிக்கொடுத்த ஹார்வி பெனிக் இறந்துபோனார். கிரென்ஷா புதன்கிழமை விமானமேறிப் போய் அவருடைய சவப்பெட்டியைத் தோளில் தாங்கிவிட்டுத் திரும்பினார். மனம் கலங்கியிருந்தது, ஆட்டமும் அப்போது சரியாக இல்லை. அந்த வாரம் பயிற்சியின்போது ஜாக்சன் அவர் நிற்கிற விதத்தைப் பார்த்து இரண்டு திருத்தம் சொன்னார். பந்தைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார், தோளை இன்னும் இறுக்கமாகத் திருப்பச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் 43 வயது கிரென்ஷா முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து அழுதார். ஜாக்சன் பின்னால் வந்து குனிந்து அவரைத் தாங்கிக்கொண்டார். அந்தப் புகைப்படத்தைக் கோல்ஃப் தெரியாதவர்களும் பார்த்திருப்பார்கள். ஜாக்சன் மொத்தம் 54 மாஸ்டர்ஸில் பணிபுரிந்தார்.

ஊரின் இன்னொரு மகனையும் சொல்ல வேண்டும். சிட்னி வாக்கர் கிளப்பில் பூட்ஸுக்கு மெருகு போடுகிற வேலையில் இருந்தார். கண்ணைக் கட்டிக் கறுப்புச் சிறுவர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டு வெள்ளைக்கார விருந்தினர்கள் ரசிக்கிற கொடுமையான கேளிக்கை அந்தக் காலத்துத் தென்மாநிலங்களில் இருந்தது. அதிலிருந்துதான் அவர் குத்துச்சண்டைக்கு வந்தார். கிளப் உறுப்பினர்கள் சேர்ந்து பணம் போட்டு அவரை வடக்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். பியூ ஜாக் என்ற பெயரில் 1942-ல் லைட்வெயிட் உலகப் பட்டத்தை வென்றார். உறுப்பினர்கள் செய்த உதவி உண்மையானது. அதே கிளப்பில் அவர் உறுப்பினராக முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

மாஸ்டர்ஸில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் முதன்முதலாக ஆடியது 1975-ல். போட்டி தொடங்கி நாற்பத்தொரு ஆண்டு கழித்து. தொழில்முறை கோல்ஃப் சங்கமே வெள்ளையர்களுக்கு மட்டும் என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது. கறுப்பின ஆட்டக்காரர் சார்லி சிஃபோர்ட் 1967-லும் 1969-லும் தொழில்முறைப் போட்டிகளை வென்றார். அகஸ்டாவிலிருந்து அழைப்பு வரவில்லை. 1970களின் தொடக்கத்தில்தான், முக்கியப் போட்டிகளை வென்றவர்களுக்குத் தானாகவே அழைப்பு என்று விதி மாறியது. 1974-ல் ஃப்ளோரிடாவில் லீ எல்டர் வென்றார். சிறுவயதில் பை சுமந்து வளர்ந்தவர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அதே ஃப்ளோரிடா மைதானத்தில் கறுப்பினத்தவர் கட்டிடத்துக்குள் வரக்கூடாது என்று சொல்லி, வண்டி நிறுத்துமிடத்தில் அவரை உடை மாற்றவைத்திருந்தார்கள். மாஸ்டர்ஸுக்கு வருவதற்குள் கொலைமிரட்டல் கடிதங்கள் குவிந்தன. அகஸ்டாவில் இரண்டு வீடு வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கினார். முதல் நாள் 74, இரண்டாம் நாள் 78. மூன்றாம் நாளுக்குத் தகுதி பெறவில்லை. ஆனால் அவர் பதினெட்டாவது குழிக்கு நடந்து வரும்போது கிளப்பின் சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், துப்புரவாளர்கள் என்று கறுப்பினப் பணியாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து வரிசையாக நின்று பார்த்தார்கள். இந்தக் கிளப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அது.

1997-ல் கறுப்பின ஆட்டக்காரரான டைகர் வுட்ஸ் 21 வயதில், அடுத்தவரைவிட 12 அடிகள் குறைவாக எடுத்து மாஸ்டர்ஸை வென்றார். அதைப் பார்க்க எல்டர் அகஸ்டாவுக்கு விரைந்து வந்தார். வழியில் அதிவேகத்துக்காகப் போலீஸ்காரர் அவரை நிறுத்தி அபராதச் சீட்டுக் கொடுத்தார். 2021-ல் கிளப் அவரைப் போட்டியைத் தொடங்கிவைக்கக் கௌரவமாக அழைத்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வந்தார். அடிக்க உடம்பில் தெம்பில்லை, நாற்காலியிலிருந்து எழுந்து மட்டையை உயர்த்திக் காட்டினார். அந்த ஆண்டு நவம்பரில் இறந்தார்.

இதற்கிடையில் பை சுமந்தவர்களுக்கு என்ன ஆனது? 1982 போட்டியில் மழையால் முதல் நாள் ஆட்டம் நின்றது. மறுநாள் அதிகாலை சில ஆட்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆட்டக்காரர்கள் கிளப் தலைவருக்குப் புகார் எழுதினார்கள். ஏற்கெனவே மற்ற போட்டிகளில் தங்களுக்கென்று ஆள் வைத்துப் பழகியிருந்தவர்கள், இங்கேயும் அந்த உரிமை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1983 முதல் விதி மாறியது. ஆட்டக்காரர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சேண்ட் ஹில்ஸ் வீடுகளுக்கு ஏப்ரல் மாதத்தில் வந்துகொண்டிருந்த வருமானம் ஒரே ஆண்டில் சுருங்கியது. மூத்தவர் இளையவருக்கு நடந்து காட்டிச் சொல்லித்தந்த பாடமும் அறுந்தது. கிரீன்களைக் கருவியால் அளந்து அம்புக்குறி போட்ட சிறு புத்தகங்கள் 2021 வரை மற்ற மைதானங்களின் தொழில்முறைப் போட்டிகளில் புழங்கின; அகஸ்டா அப்போதும் அவற்றை அனுமதிக்கவில்லை. அங்கே இன்றும் தரையைக் கண்ணாலும் நினைவாலும்தான் படித்தாக வேண்டும்.

உறுப்பினர் விஷயத்துக்கு நான் அதிக இடம் கொடுக்கப் போவதில்லை. ஏறத்தாழ 300 பேர். விண்ணப்பம் கிடையாது; அழைப்பு வந்தால் உண்டு. பட்டியலைக் கிளப் வெளியிடுவதில்லை. ஐசன்ஹோவர் உறுப்பினராக இருந்தார், குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில் மட்டும் 29 முறை வந்து தங்கினார். பதினேழாவது குழியில் ஒரு பைன் மரம் அவருடைய பந்தை ஓயாமல் தடுத்தது. 1956-ல் கிளப் கூட்டத்தில் எழுந்து அதை வெட்ட வேண்டும் என்றார். தலைவர் ராபர்ட்ஸ் அவரைப் பேசவிடாமல் கூட்டத்தையே முடித்துவைத்தார். நாட்டின் அதிபர் கேட்டும் மரத்தை வெட்டாத அந்த ஒரு செயலுக்காக ராபர்ட்ஸ் மேல் எனக்கு மதிப்பு உண்டு. 2014 பனிப்புயலில் மரம் சேதமாகி அகற்றப்பட்டது. ராபர்ட்ஸ் நாற்பது ஆண்டுக்கு மேல் கிளப்பை இரும்புப் பிடியில் வைத்திருந்து, 1977-ல் நோயோடு, கிளப் வளாகத்துக்குள்ளேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார்.

முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1990-ல். அலபாமாவில் வேறொரு கிளப்பில் இதே பிரச்சினை வெடித்து, விளம்பரக் கம்பெனிகள் பின்வாங்கிய கோடைகாலம் அது. பெண்கள் விஷயத்தில் இழுபறி இன்னும் நீண்டது. 2002-ல் மார்த்தா பர்க் என்ற பெண்ணுரிமைத் தலைவர் கடிதம் எழுதினார். கிளப் தலைவர் ஹூட்டி ஜான்சன், நெருக்கடிக்குப் பணிய முடியாது என்று காட்டமாக அறிக்கை விட்டார். விளம்பரதாரர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவர்களை விலக்கிவிட்டு, 2003, 2004 இரண்டு ஆண்டும் விளம்பரமே இல்லாமல் மாஸ்டர்ஸை ஒளிபரப்பினார்கள். வருமானத்தை இழக்கத் துணிகிற அளவுக்குப் பிடிவாதம். 2012 ஆகஸ்டில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸும் தொழிலதிபர் டார்லா மூரும் உறுப்பினர்கள் ஆனார்கள். 2019-லிருந்து பெண்களுக்கான அமெச்சூர் போட்டியின் இறுதிச்சுற்று அதே மைதானத்தில் நடக்கிறது.

என் மகன் அட்லாண்டாவில் வேலை பார்க்கிறான். பொதுமக்களுக்கான குலுக்கலில் அவனுக்குப் பயிற்சி நாள் சீட்டு விழுந்தது. "அப்பா, போனை வண்டியிலேயே வெச்சிடுங்க, உள்ளே விடமாட்டாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். உள்ளே ஒருவர் கையிலும் போன் இல்லை. பேச வேண்டியவர்களுக்கு வரிசையாகத் தொலைபேசிகள் வைத்திருக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. ஓடக் கூடாது, நடக்கத்தான் வேண்டும். காலையில் நாற்காலியைக் குழியருகே போட்டுவிட்டு மதியம் வந்தாலும் அது காலியாகக் காத்திருக்கும். இன்னொருவர் உட்கார்ந்தாலும் உரியவர் வந்ததும் எழுந்துவிடுவார். மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்துத் தடவிய பிமென்டோ சாண்ட்விச் ஒன்றரை டாலர். வெளியே ஒரு பாட்டில் தண்ணீர்கூட அந்த விலைக்குக் கிடைப்பது அரிது.

நான் பார்க்க வந்தது சரிவை. தொலைக்காட்சி அதைக் காட்டுவதே இல்லை. பத்தாவது குழியின் தொடக்கத்தில் நின்று கீழே பார்த்தால் ஏறத்தாழ நூறு அடி இறக்கம். கோத்தகிரிப் பாதையின் திருப்பத்தில் நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். கீழே போகப் போக எல்லாக் கிரீனும் ஒரு பக்கமாகச் சாய்வது தெரிந்தது. அடுத்துப் புல். கிரீன்களில் இருப்பது குளிர் நாட்டு பென்ட் புல். ஜார்ஜியாவின் கோடையில் அது கருகும். அதனால் கிரீன்களுக்கு அடியில் குழாய் பதித்து, மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சியும் காற்றை ஊதியும் வேர்ப்பகுதியைப் பக்குவமாக வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் அடியில் பெர்முடா அருகு; இலையுதிர் காலத்தில் அதன்மேல் ரை புல் விதை தூவி ஏப்ரலில் பச்சையாக்குகிறார்கள். கோடை முழுக்கக் கிளப்பை மூடிவிடுகிறார்கள். நிலத்துக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்தவர்கள் என்று மனதாரப் பாராட்டினேன். ஆனால் களை என்று பெயருக்கு ஒன்றுகூட இல்லை, உதிர்ந்த இதழ்கூட நெடுநேரம் கிடப்பதில்லை. அவ்வளவு சுத்தம் எனக்குக் கொஞ்சம் மூச்சுமுட்டியது. தோட்டம் என்றால் பழுத்த இலை நாலு கிடக்க வேண்டும்.

வண்டி நிறுத்திய பெரிய புல்வெளி ஒரு காலத்தில் தெருவும் வீடுகளுமாக இருந்த இடம். கிளப் பக்கத்து வீடுகளை நல்ல விலை கொடுத்து ஒன்றொன்றாக வாங்கி இடித்துத் தரையாக்கியது. ஒரு வயதான தம்பதி மட்டும் விற்கவே மறுத்து, சுற்றிலும் வண்டிகளுக்கு நடுவே தங்கள் வீட்டில் இருந்தார்கள். பல பத்திரிகைகளில் வந்த செய்தி அது.

ஊரின் இன்னொரு மைதானத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அகஸ்டாவின் கோல்ஃப் பாதிதான் சொன்னதாகும். நகராட்சிக்குச் சொந்தமான மைதானம், 'பாட்ச்' என்பார்கள். 1928-ல் திறந்தது. நிறவெறிக் காலத்தில் அதுவும் வெள்ளையர்களுக்கே. 1960களில் கதவு திறந்ததும் சேண்ட் ஹில்ஸ் ஆட்கள் அங்கே தங்களுக்காக ஆட ஆரம்பித்தார்கள். பை சுமந்துகொண்டே ஆட்டம் கற்ற ஜிம் டென்ட் அங்கிருந்து கிளம்பித் தொழில்முறை வீரரானார். 1974-ல் நாட்டிலேயே மிகத் தூரம் அடிப்பவருக்கான போட்டியை வென்றார், ஐம்பது வயதுக்கு மேல் மூத்தோர் சுற்றில் 12 பட்டங்கள். நம் நாட்டிலும் இந்தப் பாதை உண்டு. இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர் டெல்லியில் பை சுமந்து வளர்ந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூருவில் பை சுமந்தவர்.

2020-ல் பாட்ச் மைதானத்துக்குப் போகிற சாலைக்கு ஜிம் டென்ட் பெயரை வைத்தார்கள். அகஸ்டா நேஷனல் அந்த நகராட்சி மைதானத்தைப் புதுப்பிக்கிற வேலையில் கைகொடுக்க முன்வந்தது. டைகர் வுட்ஸ் அங்கே சிறுவர்களும் ஆடக்கூடிய ஒன்பது குழி மைதானம் அமைப்பார் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தது. அகஸ்டா டெக்னிக்கல் கல்லூரியும் புதுப்பிக்கிற வேலையில் பங்கேற்கிறது. புல் வளர்ப்பதையும் தரை படிப்பதையும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே பாடமாகவே வைக்கலாம். சொல்லித்தர ஆள் தேடி வெளியூர் போக வேண்டாம். முன்பு பை சுமந்தவர்களில் சிலர் இன்னும் சேண்ட் ஹில்ஸ் தெருக்களில்தான் வசிக்கிறார்கள். அவர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்துவது அந்தக் கிளப்புக்கு ஒரு செலவே அல்ல.